சுத்தமான உறுதி

மருதமுனை,
2023.01.14

அன்பு மருமகன் ஸப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மாவின் கூடப்பிறந்த காக்கா, மாமா மீராமுகைதீன் எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சீனி வருத்தம் என்று டாக்குத்தர் சொன்னார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கே சந்தேகம் வந்து திரும்பச் சோதித்தார். டோஹாவில் இப்போது குளிர் என்று கேள்வி. தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போ.

உன் தங்கச்சி ஆகிலாவுக்கு மாப்பிள்ளை சரிவந்ததும், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம் என்பதும் அறிந்து சந்தோசம். வீடு இல்லாத பெண்ணுக்கு நம் பக்கத்தில் கலியாணப் பேச்சே இல்லை. உன் உம்மாவும் அவளும் இவ்வளவு காலம் வாடகை வீட்டில் கிடந்தது போதும். வீடு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். நீ செய்த முதல் புத்தியான வேலை இதுதான். நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் நான் போனால் காணி எழுதுகிற நொத்தாரிசு கதிரையை விட்டு எழும்புவார்.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். என் போனைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டேன். அதோடு, காணி விசயத்தை நான் வாயால் கதைப்பதில்லை. எழுத்தில் வராத காணி காணியே அல்ல.

ஆளைப் பார்த்து வாங்காதே, மகன். மீராசாஹிபு வளவு என்று ஊரே சொல்லும். காணி உறுதிப் பத்திரத்தைப் பிரித்தால் பெண்சாதி பேரில் இருக்கும். மீராசாஹிபு அங்கே சோறு தின்னுகிறவன், அவ்வளவுதான். அரசாங்கம் குடியிருக்க மட்டும் கொடுத்த பேர்மிட் காணி என்றால் திரும்பிப் பார்க்காதே. அதைச் சும்மா ஒரு கடதாசியில் எழுதி விற்பார்கள், கடைசியில் உன் கையில் கடதாசிதான் மிஞ்சும். காணிப் பதிவுக் கந்தோரில் முப்பது வருசம் பின்னுக்குப் போய்த் தேட வேண்டும். நான் தேடினால் வெள்ளைக்காரன் காலம் வரைக்கும் போவேன்.

எல்லாவற்றையும் விட, சீவிய உருத்து இருக்கிறதா என்று பார். தாய் தகப்பன் மகளுக்கு வீட்டை எழுதும்போது, "நாங்கள் மவுத்தாகும் வரைக்கும் இதில் இருப்போம்" என்று ஒரு வரி போட்டு வைப்பார்கள். அந்த வரி உள்ள வீட்டை வாங்கினால் கிழவன் கிழவியையும் சேர்த்துத்தான் வாங்குகிறாய். கோட்டுக்குப் போனாலும் அவர்களை அசைக்க ஏலாது.

என் மகள் அம்ஹாவின் கலியாணத்துக்கு நான் வீடு எழுதிய கதை உனக்குத் தெரியும்தானே. உன் மாமி சுனாமியில் கடலோடு போன பிறகு, ரோட்டுப் பக்கம் காணி வாங்கிக் கல்லுக் கல்லாய் நான் கட்டின வீடு. "சீவிய உருத்துப் போடவா, ஹாஜியார்?" என்று நொத்தாரிசு கேட்டார். நான் அப்போது ஹஜ்ஜுக்குப் போகவும் இல்லை, அந்த மனிசன் என்னைக் கண்டதும் அப்படித்தான் கூப்பிட்டார். சபை நிறைய ஆட்கள். எழும்பி நின்று சொன்னேன்: "என்ட புள்ளைக்குக் குடுக்கிற வீட்டில நான் வாடகைக்காரன் மாதிரி ஒரு வரி எழுதி வெக்கிறதா? வெட்டுங்க அந்த வரிய!" நொத்தாரிசு பேனையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அந்தக் கதையைச் சொல்லித்தான் இன்றைக்கும் இந்த ஊரில் பெண் கேட்கிறார்கள்.

நான் இப்போது அதே வீட்டில் முன்பக்க அறையில் இருக்கிறேன். நானே கேட்டு எடுத்த அறை. கதவைத் திறந்தால் ஒரு லொறி நுழையலாம், அவ்வளவு அகலம்.

வீடு ஏதும் அகப்பட்டால் உடனே எழுது. உனக்காகத் துஆச் செய்யும்,
மாமா

*

டோஹா,
2023.02.05

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். உங்கள் சீனி வருத்தத்துக்கு மருந்தை விடாதீர்கள். டாக்குத்தரை முறைத்தால் சீனி இறங்காது.

உங்கள் கடிதத்தை அறையில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். சம்மாந்துறைப் பொடியன் ஒருவன் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான்.

மாமா, ஒரு விசயம். தரகர் அபூசாலி போன கிழமை ஒரு வீட்டின் படங்களை அனுப்பினார். மருதமுனையில், ரோட்டுப் பக்கம், பச்சைக் கேற், வாசலில் ஜம்பு மரம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது உங்கள் வீடு. விற்பது அம்ஹா மச்சி என்று எழுதியிருக்கிறது. அவசர விற்பனையாம்.

இதை ஏன் நீங்கள் எழுதவில்லை? அவர்கள் ஏன் விற்கிறார்கள்? நீங்கள் எங்கே இருப்பீர்கள்? வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லுங்கள், நான் வேறு வீடு பார்க்கிறேன்.

பதிலைப் பார்த்திருக்கும்,
மருமகன் ஸப்ரி

*

மருதமுனை,
2023.03.02

என் கண்ணான மருமகனுக்கு,

ஸலாம். தபாலைக் குறை சொல்லாதே, நான்தான் சுணங்கினேன். வேலை அப்படி. சுகத்தைப் பற்றி நீ கேட்கவே வேண்டாம், நேற்றுக்கூட கிணற்றில் பத்து வாளி அள்ளிக் குளித்தேன்.

வீடு விற்கிற யோசனை யாருடையது என்று நினைக்கிறாய்? என்னுடையது! அம்ஹாவின் மாப்பிள்ளை சியாம் கொழும்பில் பெரிய வியாபாரம் தொடங்குகிறார். அவர் தயங்கினார். நான்தான், "மருமகன், வீட்டைக் கட்டிப் புடிச்சிட்டு இரிந்தா எப்ப முன்னுக்கு வாற?" என்று தள்ளிவிட்டேன். அங்கே ஏழாம் மாடியில் வீடு எடுத்திருக்கிறார்கள், கடலைப் பார்த்தபடி. எனக்கென்று ஓர் அறை. லிப்டில் ஏறி ஐவேளையும் பள்ளிக்குப் போய் வரலாம். லிப்டுக்குள்ளேயே கண்ணாடி இருக்கிறதாம், தொப்பியைச் சரிசெய்ய.

உனக்கு எழுதாத காரணம், சொந்தத்துக்குள் வியாபாரம் கதைத்தால் விலை கெட்டுப்போகும். இது தரகர்மார் மட்டுமே அறிந்த இரகசியம்.

இனி உறுதியைக் கேள். பேர்மிட் இல்லை. பேங்கில் ஈடு வைத்ததை மீட்டாயிற்று. பங்காளி இல்லை, வழக்கு இல்லை. ஒப்பம் வைக்க வேண்டிய ஆள் அம்ஹா ஒருத்திதான், வேறு ஒரு மனிசனுக்கும் அந்த வீட்டில் ஒரு சாண் உருத்துக் கிடையாது. நானே எழுதிக் கொடுத்தவன் சொல்லுகிறேன். இவ்வளவு சுத்தமான உறுதி கல்முனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் தேடினாலும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

அன்புடன் மாமா

*

கல்முனை,
2023.03.19

அன்புள்ள ஸப்ரி காக்காவுக்கு,

ஸலாம். உம்மாவும் நானும் சுகம். உம்மாவுக்கு முழங்கால் நோவு மட்டும்தான். போனில் சொன்னால் பக்கத்தில் இருக்கிற உம்மாவுக்குக் கேட்டுவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அபூசாலியோடு போய் அந்த வீட்டைப் பார்த்தேன். கேற்றைத் திறந்துவிட்டது மாமா. வெள்ளைச் சேட்டு, அத்தர். "வாங்க மகள், வாங்க! இது ஆறங்குலக் கல்லு. தட்டிப் பாருங்க" என்று ஒவ்வொரு சுவராய்த் தட்டிக் காட்டினார்.

அபூசாலி அவரை வைத்துக்கொண்டே சொன்னார்: "வீட்டில ஒரு சாமானும் இரிக்காது தங்கச்சி. கிழவர் மட்டும்தான் இரிக்காரு, அவரையும் எடுத்திடுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாதான் கூடச் சத்தமாகச் சிரித்தார். "என்னையும் விலையில சேத்துப் போடுங்க அபூசாலி, பழைய சாமான், பாரம் கூட!" என்றார்.

கராஜுக்கு வந்ததும் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "இதில ஒண்டுமில்ல மகள், விறகும் சாக்கும்தான்." ஆனால் கதவு முழுக்கச் சாத்தவில்லை. போன நோன்புக்கு நீங்கள் மாமாவுக்கு அனுப்பிய கம்பளி உள்ளே மடித்து வைத்திருந்தது. கேத்தல் இருந்தது, தொழுகிற பாய் இருந்தது, கட்டில் இருந்தது.

அம்ஹா மச்சி தேத்தண்ணி கொண்டுவந்தா. எனக்கு, அபூசாலிக்கு, சியாம் மச்சானுக்கு. மாமாவுக்கு இல்லை. அவர் அதைப் பார்க்காத மாதிரி ஜம்பு மரத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டே நின்றார். வெளிக்கிடும்போது, கொழும்பில் மாமாவுக்கு எந்தப் பக்கத்து அறை என்று மச்சியிடம் கேட்டேன். "வாப்பா எங்களோட வாறார் எண்டு ஆர் சொன்ன?" என்றா.

உம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவவுக்குத் தன் காக்கா அரண்மனையில் இருக்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் வீட்டை வந்து பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் பிடித்திருக்கிறது காக்கா. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
தங்கை ஆகிலா

*

டோஹா,
2023.04.08

மாமாவுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது என்று நம்புகிறேன். இங்கே வேலை நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

உறுதியைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினேன். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி என்றார். ஒரு குறையும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டார்: வீட்டில் குடியிருக்கிற ஆள் யாராவது இருந்தால், தனக்கு உருத்து ஒன்றும் இல்லை, சொன்ன நாளில் வெளியேறுவேன் என்று எழுதி ஒப்பம் வைக்க வேண்டுமாம். அது சும்மா ஒரு வழமைதானாம். கடதாசியை அபூசாலி கொண்டுவருவார்.

மாமா, ஆகிலா வீடு பார்க்க வந்தது உங்களுக்குத் தெரியும். அவளுக்குக் கண் இருக்கிறது. உண்மையை ஒருதரம் எழுதுங்கள். வீட்டை வாங்கி உங்களை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டுப் பார்த்தேன். "பொண்ணுட உம்மா இரிக்கட்டும், அது முறை. மாமன்மாரையும் சேத்தா?" என்றார்கள். உங்கள் உறுதியில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், இது சட்டம், நான் என்ன செய்ய என்று அவர்கள் வாயை அடைத்திருப்பேன். அந்த வரி இல்லை.

நாளும் குறைவு. வேறு வீடும் அமையவில்லை. உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

ஸப்ரி

*

மருதமுனை,
2023.04.29

அன்பு மருமகனுக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்துகள். நான் எருமைக்கிடா மாதிரி இருக்கிறேன். பெருநாள் பிரியாணியை மூன்று வீட்டில் தின்றேன். மூன்று வீட்டாரும் கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது!

கடதாசி வந்தது. வாசித்தேன். இரண்டு இடத்தில் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்துத்தான் ஒப்பம் வைத்தேன். அபூசாலி அசந்துபோனார்.

செவ்வாய்க்கிழமை உறுதி முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், வீடு உன் பேரில். நீ எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தின்படி உனக்காக உம்மா ஒப்பம் வைத்தாள். சாட்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. சியாம் கூட்டி வந்தவன் அடையாள அட்டையை மறந்துவிட்டான். நொத்தாரிசு சுற்றிப் பார்த்தார். நானே எழும்பினேன்.

இவர் புதிய நொத்தாரிசு, சின்ன வயது, என் பெருமை தெரியாது. "நீங்க ஆரு?" என்றார்.

"சாட்சி" என்றேன்.

"விக்கிறவவ உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். என்ட மகள்."

"வாங்கிறவர?"

"அவரையும் தெரியும். என்ட மருமகன்."

பொடியன் கடதாசியில் இரண்டு பேர்களிலும் விரல் வைத்துப் பார்த்தான். "அப்ப நீங்க ரெண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஆள்" என்றான். ஓம் என்றேன். என் ஒப்பத்தைப் பார்த்துவிட்டு, இப்படி வடிவான ஒப்பத்தைத் தன் காலத்தில் கண்டதில்லை என்று சொன்னான். சொல்லாவிட்டாலும் அவன் முகத்தில் தெரிந்தது.

அம்ஹாவின் பேனை எழுதவில்லை. என் பேனையைக் கொடுத்தேன். தலை நிமிராமல் வாங்கி, தலை நிமிராமல் திருப்பித் தந்தாள். பிள்ளைக்குத் தலைவலி போல. சியாம் வெளியே போனில் நின்றார்.

உன் உம்மா என் கையைப் பிடித்து, "காக்கா, கொழும்புக்குப் போய் எங்கள மறந்திராதீங்க" என்று அழுதாள். "ஏழாம் மாடியில நிண்டு பாத்தா கல்முனை தெரியும்டி" என்றேன். சிரித்துவிட்டாள். அவளைச் சிரிக்கவைப்பது எனக்குச் சின்ன வயதில் இருந்தே லேசு.

உண்மையை எழுதச் சொன்னாய். உறுதி சுத்தமானது. அதுதான் உண்மை.

திறப்புகள் உம்மாவின் கையில். குசினிக் கதவின் திறப்பை வலப்பக்கம் ஒரு தள்ளுத் தள்ளித் திருப்ப வேண்டும்.

மாமா

*

டோஹா,
2023.06.04

அன்பு மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எப்படி இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள்? மே மாதம் இரண்டு கடிதம் எழுதினேன். கொழும்பு விலாசத்தை அம்ஹா மச்சியிடம் போனில் கேட்டால், "வாப்பா ஊரிலதானே" என்கிறா. ஊரில் கேட்டால் கொழும்பு என்கிறார்கள். கடைசியில் அபூசாலிதான், உங்களை இறக்காமத்தில் கண்டதாகச் சொன்னார். இந்தக் கடிதத்தை உங்களிடம் சேர்க்கச் சொல்லி அவர் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு விசயமும் கேட்க வேண்டும். எனக்கு லீவு இல்லை. பெருநாள் கழிந்து, கலியாணத்துக்கு முன் வீட்டை ஆகிலா பேரில் எழுத வேண்டும். உம்மாவுக்குச் சீவிய உருத்து வைத்து எழுதுவதா, முழுதாகக் கொடுப்பதா என்று நொத்தாரிசு கேட்கிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. எங்களை நம்பவில்லையா என்கிறார்கள். உம்மாவிடம் கேட்டால், உன் விருப்பம் என்கிறா. நீங்கள் முழுதாகக் கொடுத்தவர். உங்களுக்குத்தான் தெரியும். என்ன செய்ய?

ஸப்ரி

*

இறக்காமம்,
2023.06.30

என் அருமை மருமகன் ஸப்ரிக்கு,

ஸலாம். உன் கடிதத்தை அபூசாலி நேற்றுத்தான் கொண்டுவந்து தந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு இந்தப் பக்கம் வரப் பயம்.

நான் மிகவும் சுகம். கொழும்புக்குப் போகாத காரணம், வயல் சொந்தக்காரர் ஸைனுலாப்தீன் போடியார் விடவில்லை. "நீங்க இல்லாம இந்தப் போகம் நான் செய்ய மாட்டேன்" என்று காலில் விழாத குறை. பன்னிரண்டு ஏக்கரும் என் பொறுப்பு. வெள்ளாமை இப்போது கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவம். யானைகள் வருகின்றன. மற்றவர்கள் வெடி கொளுத்துகிறார்கள். நான் ஒரு செருமல் செருமினால் தலைவன் யானை காதை மடக்கிக்கொண்டு திரும்பிவிடும்.

என் இருப்பிடத்தை உறுதியில் எழுதுவது மாதிரியே எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்: வடக்கு வாய்க்கால், தெற்கு போடியாரின் வயல், கிழக்கு குளக்கட்டு, மேற்கு காடு. இந்நான்கெல்லைக்குள் அடங்கிய ஓலை வாடி ஒன்றும், கட்டில் ஒன்றும், கேத்தல் ஒன்றும். அறுவடை முடியும் வரை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். எழுது. அந்த வரியை எழுது மகன். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும். ஒலுவிலில் எனக்குத் தெரிந்த ஓர் ஆள், பெரிய கை, ராசா மாதிரி மனிசன், சபையில் எழும்பி நின்று அந்த வரியை வெட்டச் சொன்னவன். பிள்ளை நல்ல பிள்ளைதான். யாரும் அவனைப் போ என்று சொல்லவில்லை. முதலில் மேல் அறை பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது. பிறகு நடு அறை. பிறகு பகலில் சாப்பிடக் கூப்பிட மறந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த வரி இருந்திருந்தால் அவன் குசினிக்குப் போய், "எனக்கு ஒரு தேத்தண்ணி தாங்க" என்று கேட்டிருப்பான்.

உம்மாவிடம் நானே நேரில் வந்து சொல்லலாம். பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலம். ஆனால் யானைகளை விட்டுவிட்டு எப்படி வருவது? அதோடு அவள் என்னைக் கொழும்பில் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறாள். நீயே சொல். நான் சொன்னதாகச் சொல். கட்டாயம்.

மாமா

*

டோஹா,
2023.07.27

அன்பு மாமாவுக்கு,

ஸலாம். உங்கள் உடம்பு எப்படி? யானைகளோடு கவனம்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. ஆகிலாவின் கலியாணம் போன ஞாயிறு முடிந்துவிட்டது. உறுதி அதற்கு முந்திய செவ்வாய்.

உம்மாவுக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை, மாமா. முழுதாக எழுதியாயிற்று.

நொத்தாரிசு உம்மாவிடம் கேட்டாராம். உம்மா எழும்பி நின்றாவாம். உங்கள் கதையைச் சபைக்கு முழுக்கச் சொன்னாவாம், நொத்தாரிசு கண்ணைத் துடைத்தது வரைக்கும். "என்ட காக்கா ஒரு சொல்லும் மிச்சம் வெக்காமக் குடுத்தவர். அவர்ர தங்கச்சி நான் மட்டும் கணக்குப் பாத்தா, நாளைக்கு அவர்ர முகத்தில எப்பிடி முழிக்கிற?" என்றாவாம். மாப்பிள்ளையின் வாப்பா எழும்பி நொத்தாரிசுக்குக் கை கொடுத்து முஸாபஹாச் செய்தாராம். போனில் என்னிடமும் கேட்டார்கள். உம்மாவின் விருப்பம் என்று சொல்லிவிட்டேன்.

கலியாணத்தில் வந்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்களாம். உம்மாவுக்கு நல்ல சந்தோசம். இப்போது நடு அறையில் இருக்கிறா. ஆகிலா நன்றாகப் பார்த்துக்கொள்வாள். மாப்பிள்ளையும் நல்ல பிள்ளைதான்.

உங்கள் கடிதத்தை உம்மாவிடம் வாசித்துக் காட்டவா, வேண்டாமா?

ஸப்ரி

*

இறக்காமம்,
2023.08.21

அன்பு மருமகனுக்கு,

ஸலாம். சுகம். அறுவடை தொடங்கிவிட்டது. இந்தப் பக்கம் இப்படியொரு விளைச்சலை யாரும் கண்டதில்லை என்கிறார்கள்.

வாசித்துக் காட்ட வேண்டாம். நான் கொழும்பில் சுகம் என்று சொல். என் தங்கச்சி சபையில் எழும்பி நின்றாள் என்று கேட்கப் பெருமையாக இருக்கிறது. நாங்கள் அப்படியான குடும்பம்.

நடு அறை நல்ல அறை. நானும் அதில் மூன்று வருசம் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் ஜம்பு மரக் காற்று வரும். அதில் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்.

ஆனால் முன்கூட்டியே ஒன்று சொல்லி வைக்கிறேன், மனதில் வைத்துக்கொள். கராஜின் மேற்கு மூலை மாரியில் ஒழுகும். கட்டிலைக் கிழக்குச் சுவரோடு போட வேண்டும். தரை குளிர்ச்சி, உன் உம்மாவுக்கு முழங்கால் நோவு, பாய்க்குக் கீழே ஒரு சாக்கு விரிக்கச் சொல். அந்தக் கதவுக்கு வெளியில்தான் பூட்டு, உள்ளே ஒன்றும் இல்லை. நான் கயிற்றால் கட்டிக்கொள்வேன். அவளுடைய கைக்கு அந்த முடிச்சு வராது. கல்முனைச் சந்தையில் நல்ல கொளுக்கி இருக்கிறது, ஒன்று வாங்கி உள்பக்கம் அடிக்கச் சொல்.

மாமா